பந்தயத் தடத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒரே டயர்

இரண்டாவது முறையாகப் பந்தயத் தடத்தில் ஓட்டிவிட்டு ஓசூருக்குத் திரும்பிய மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போதுதான் காரின் முன்டயர்களை நிதானமாகப் பார்த்தேன். வெளிப்பக்க ஓரம் முழுக்க ரப்பர் உருண்டு திரண்டிருந்தது. பென்சில் எழுத்தை அழிரப்பரால் அழுத்தித் தேய்த்தால் கருப்பாகத் திரளுமே, அந்த மாதிரி. இடது டயரில் இரண்டு இடங்களில், சாலையைப் பிடிக்கிற ரப்பர்க் கட்டியான பட்டனே துண்டாகப் பிய்ந்து போயிருந்தது. நடுப்பகுதி மட்டும் இன்னும் ஒரு வருடம் ஓடலாம் என்பதுபோல் நன்றாக இருந்தது.

என் கணவர் சாப்பாட்டுப் பையோடு வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். விரலால் டயரின் ஓரத்தைத் தடவினார்.

“ஓரம் மட்டும் எப்படி இப்படிப் போச்சு?”

“வளைவுல வண்டி சாயும்போது டயர் மடங்குதுங்க. மொத்தப் பாரமும் ஓரத்துக்கு வந்துருது.”

“இத வச்சிக்கினு மழைக்காலத்துல போவ முடியாது” என்றார். திட்டவில்லை. அவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். தேய்ந்த பொருளைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வராது. அடுத்து என்ன போடலாம் என்றுதான் யோசிப்பார்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. படித்து முடித்ததும் ஓசூருக்கு வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணமாகி, இங்கேயே தங்கிவிட்டேன். பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்புத் தட்டு வேகமாகச் சுழலும். இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பிரேக்கை அழுத்தச் சொல்லிக் கட்டளை கொடுப்பேன். தட்டு சிவந்து, வேகம் குறைந்து, நிற்கும். திரையில் கோடு இறங்கும். பத்து வருடத்துக்கு மேலாக இதுதான் என் வேலை.

எங்கள் வடிவமைப்புப் பிரிவில் இருக்கும் ஒரு நண்பருக்கு வாரக்கடைசியில் கார் ஓட்டுவதுதான் பொழுதுபோக்கு. ரோட்டில் இல்லை, கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் பந்தயத் தடத்தில். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது சொன்னார்: “நீங்க பிரேக்கக் கண்ணாடிக்குப் பின்னாடி இருந்து மட்டுந்தான் பாத்திருக்கீங்க. ஒரு தடவ உள்ள உக்காந்து பாருங்க.”

போனேன். சாதாரணக் கார்களில் வந்து யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். தலைக்கவசமும் காரின் பரிசோதனையும் கட்டாயம். ஆளோடு ஆள் மோதுகிற பந்தயம் இல்லை. ஒவ்வொருவருக்கும் கடிகாரம்தான் எதிராளி. முதல் நேர்ச்சாலையின் முடிவில் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தபோது, பெல்ட் தோளைப் பிடித்து இழுத்தது. தினமும் திரையில் இறங்குகிற அந்தக் கோடு அன்று என் வயிற்றுக்குள் இறங்கியது. சாயங்காலம் காரை விட்டு இறங்கும்போது என் தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன்னால் எந்த இடத்திலும் உணர்ந்ததில்லை. அதற்காகத்தான் மறுபடியும் போனேன். அதில்தான் டயர் போயிற்று.

எங்களிடம் இருப்பது ஒரே கார். சின்னக் கார்தான், என்ஜின் மட்டும் கொஞ்சம் துடிப்பானது. அதில்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். அதில்தான் கணவர் ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டைப் பக்கம் இருக்கும் சொந்த ஊருக்குப் போய்த் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, பின்சீட்டை மடக்கி நாலு பெட்டி தக்காளியோடு வருவார். என் மாமியார் அங்கே தனியாக இருக்கிறார். மாமனார் காலமான பிறகு மாந்தோப்பையும் தக்காளியையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவரைக் கிருஷ்ணகிரிக்குக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போவதும் இதே காரில்தான்.

டயர் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த சமயத்தில் மாமியாரிடமிருந்து போன் வந்தது. அவருடைய தங்கை மகனுக்கு அவிநாசியில் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். ஐப்பசி மாதம். சீர்த்தட்டெல்லாம் கொண்டுபோக வேண்டும், கார் வேண்டும் என்றார். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். அதற்கு முந்தின சனிக்கிழமைதான் தடத்தில் அடுத்த ஓட்டம். நான் ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தேன்.

கணவர் போனை ஒலிபெருக்கியில் போட்டு விஷயத்தைச் சொன்னார். நான் இந்தத் தடவை போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமியாரே முடித்துவிட்டார்.

“ரெண்டும் ஒரே வழிதானே? என்னாத்துக்கு ரெண்டு தரம் போவணும்? வெள்ளிக்கிழமையே கெளம்பலாம். ஒனக்கு வேலை இருந்தா நீ அத முடிச்சிக்கினு வா. நாங்க கல்யாண ஊட்ல இருக்கறோம்.”

அவர் அதை ‘வேலை’ என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஆக, எனக்கு வேண்டிய டயர் எது என்பது அந்தப் போனிலேயே தீர்மானமாகிவிட்டது. மூன்று பேரையும் சீர்த்தட்டுகளையும் சுமந்துகொண்டு ஐப்பசி மழையில் தொப்பூர் மலைப்பாதையை இறங்க வேண்டும். மறுநாள் தடத்தில் சூட்டைத் தாங்க வேண்டும். அதற்கு மறுநாள் கல்யாண மண்டபத்து வாசலில் போய் நிற்க வேண்டும். தடத்துக்கென்று தனியாக நாலு டயரை ரிம்மோடு எடுத்துப்போய் அங்கே மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. எங்கள் காரில் அந்த நாலு டயர் வைக்கிற இடத்தில் மாமியாரும் பித்தளைத் தட்டுகளும் இருப்பார்கள்.

விஷயம் கேள்விப்பட்ட நண்பர், தன்னிடம் பாதி தேய்ந்த செட் ஒன்று இருப்பதாகச் சொன்னார். எங்கள் கார் அளவேதான். பாதி வழுக்கை டயர் என்று சொல்லலாம். மிகவும் மென்மையான ரப்பர், பேருக்கு நாலு கோடு மட்டும் வெட்டியிருக்கும். தடத்தில் வேகமாகப் போகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள்.

“இதப் போட்டா உங்க டைம் எங்கயோ போயிரும்” என்றார்.

“ரோட்டுல?”

“என் கார்ல இப்ப அதுதான் இருக்கு. ஓட்டிப் பாருங்க.”

அந்த வாரச் சனிக்கிழமையே காலையில் அவர் பக்கத்தில் உட்கார, நான் அவருடைய காரைச் சூளகிரி வரைக்கும் ஓட்டிப்போனேன். போகும்போது காய்ந்த சாலை. ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கார் திரும்பியது. இரைச்சல் அதிகம்; சாலையில் கிடந்த பொடிக்கற்களையெல்லாம் டயர் ஒட்டி எடுத்து உள்பக்கத்தில் அடித்தது. ஆனாலும் எனக்கு ஆசை வந்துவிட்டது. சூளகிரியில் டீ குடிக்கும்போது மனதுக்குள் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன்.

திரும்பும்போது பேரண்டப்பள்ளிக் காட்டுப் பக்கம் மழை பிடித்தது. பெரிய மழை இல்லை. லாரிகள் ஓடி ஓடிச் சாலையில் இரண்டு பள்ளமான தடங்கள் விழுந்திருக்கும். அதில் தண்ணீர் நின்றது. அதன்மேல் ஏறியதும் ஸ்டீயரிங் சட்டென்று லேசாகிவிட்டது. என் கைக்கும் சாலைக்கும் ஒரு மூச்சு நேரம் சம்பந்தமே இல்லை. பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தேன். டயர் மறுபடி சாலையைப் பிடித்தது. பின்னால் வந்த கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று.

நான் வேகத்தைக் குறைத்து இடது ஓரத்துக்கு வந்தேன்.

“மழையில நான் இந்தக் கார எடுக்கவே மாட்டேன்” என்றார் நண்பர்.

“அப்புறம் எனக்கு எதுக்குக் குடுக்கேன்னு சொன்னீங்க?”

“நான் சொல்லி நீங்க கேப்பீங்களா? ஓட்டிப் பாத்தாத்தான் விடுவீங்க.”

அவருக்கு வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது. மழை நாளில் அதை எடுத்துக்கொள்வார். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வீட்டு நிலைமைக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் நானும் கணவரும் ஜூஜுவாடிக்குப் போனோம். கர்நாடக எல்லைச் சாலையோரத்தில் இருக்கும் பெரிய டயர் கடை அது. ஒரு பக்கம் லாரி டயர் மாற்றுவார்கள், மறு பக்கம் கார். கடைக்காரருக்குத் தாய்மொழி கன்னடம். நான் ஓசூருக்கு வந்த புதிதில், இந்த மாதிரி ஒரு கடை வாசலில் “பன்னி மேடம், பன்னி” என்று ஒருவர் கூப்பிட, கோபித்துக்கொண்டு திரும்பிப் போனவள் நான். ‘வாங்க’ என்பதற்கு அவர்கள் மொழியில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு நாற்காலியைத் தேடத் தோன்றும்.

“பன்னி மேடம். சார், பன்னி. எவ்ளோ கிலோமீட்டர் ஓடணும்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“கிலோமீட்டர் கொறஞ்சாலும் பரவால்ல. பிடிப்பு வேணும். மழையிலயும் பிடிக்கணும், டிராக்லயும் சூடு தாங்கணும்.”

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் தலையை என் பக்கம் ஆட்டினார்.

“டிராக் பத்தி எனக்குத் தெரியாது மேடம். நான் அங்க போனதே இல்ல. மழைக்கு எது நல்லா இருக்குதுன்னு சொல்றேன். மத்தத நீங்க பாத்து எடுத்துக்குங்க.”

அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அவர் மூன்று வகை டயர்களை உருட்டிக்கொண்டு வந்து வரிசையாகச் சாய்த்து வைத்தார். முதலாவது அதிக நாள் உழைக்கிற டயர். டயரின் பக்கச்சுவரில் தேய்மானத்துக்கென்று ஓர் எண் அச்சடித்திருப்பார்கள். அது கூடினால் ஆயுள் கூடும், பொதுவாகப் பிடிப்பு குறையும். இதில் அந்த எண் பெரியது. நகத்தால் அழுத்தினேன், ரப்பர் கொடுக்கவே இல்லை. அடுத்ததில் எண் சின்னது, ரப்பரும் மெத்தென்றிருந்தது. ஆனால் பக்கச்சுவர் மிகவும் விறைப்பு. வளைவுக்கு நல்லதுதான், பாகலூர் ரோட்டுக் குழிகளிலும் ஊர்ப்பாதையின் வேகத்தடைகளிலும் மாமியாரின் இடுப்பு அதைத் தாங்காது. மூன்றாவது நடுவாந்தரமானது. நடுவில் தண்ணீர் வெளியேற ஆழமான நீள வாய்க்கால்கள். வெளி ஓரத்தில் மட்டும் பட்டன்கள் பெரிது பெரிதாக, இடைவெளி குறைவாக, தோள் கொடுப்பதுபோல் நின்றன. எங்கள் பழைய டயர் செத்துப்போனது அந்த ஓரத்தில்தான்.

“இது” என்றேன்.

“இதுலயே ஒரு சைஸ் அகலம் போட்டா?” என்று நானே அடுத்துக் கேட்டேன். அகலமாக இருந்தால் தடத்தில் இன்னும் பிடிக்கும் என்ற ஆசை.

“பின்னாடி ஆளு உக்காந்தா உரசும்” என்றார் கணவர்.

“உரசாதுங்க. எடம் இருக்கு.”

“தக்காளிப் பெட்டி ஏத்துறது நான். எனக்குத் தெரியும்.”

கொஞ்ச நேரம் இப்படியே போயிற்று. கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அகலமான டயரைப் பின்சக்கரத்தில் ஒன்றும் முன்சக்கரத்தில் ஒன்றும் மாட்டச் சொன்னார். பிறகு லாரிப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்த மூன்று பேரைக் கூப்பிட்டுப் பின்சீட்டில் உட்காரச் சொன்னார். மூன்று பேருமே நல்ல உடம்புக்காரர்கள். சிரித்துக்கொண்டே நெருக்கி உட்கார்ந்தார்கள். நான் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, கடை முன்னால் இருந்த வேகத்தடைமேல் ஏற்றி இறக்கினேன். பின்னாலிருந்து கர்ரென்று ஒரு சத்தம். பின்சீட்டுக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். கணவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பழைய அகலத்திலேயே வாங்கினோம். மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு டயரிலும் தயாரித்த வாரமும் வருடமும் பொறித்திருக்கும் இடத்தைத் தேடிப் பார்த்தேன். ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிடப் பழசாக இருந்தது. சொன்னதும் கடைக்காரர் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார். ரப்பர், சும்மா கிடந்தாலும் இறுகிப்போகும்.

அடுத்த இரண்டு வாரமும் அந்த டயரில் வேலைக்குப் போய்வந்தேன். புது டயரின் மேல்பூச்சு தேய்ந்து, அதன் குணம் தெரிய அவ்வளவு நாள் தேவைப்பட்டது. வீட்டிலிருந்து சிப்காட் போகிற வழியில் எந்த இடத்தில் எப்படிச் சத்தம் போடுகிறது, பிரேக் பிடித்தால் எப்போது முனகுகிறது என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன். கணவர் ஒரு ஞாயிறு தக்காளி ஏற்றி வந்து, “பழசவிடக் கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்குது. பரவால்ல” என்றார்.

வெள்ளிக்கிழமை ராயக்கோட்டை போய் மாமியாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். காற்றை மூன்று பேருக்கும் சாமான்களுக்கும் ஏற்றபடி கூட்டி வைத்திருந்தேன். தர்மபுரி தாண்டியதும் வானம் கருத்தது. தொப்பூர் இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் மழை கொட்டத் தொடங்கியது. அந்த இறக்கத்தைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கனரக வண்டிகள் இறங்கி இறங்கிப் பிரேக் சூடாகி நிற்காமல் போகிற இடம். நான் இடது ஓரமாக, இரண்டாவது கியரில், முன்னால் போன வண்டிக்கு நிறைய இடம் விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் சிவப்பு விளக்குகள் மொத்தமாகப் பற்றின. ஒரு நீள லாரி பாதி திரும்பிய நிலையில், இரண்டு வரிசையையும் அடைத்துக்கொண்டு வழுக்கிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் வழுக்கியது. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். மிதிகட்டை காலுக்கடியில் படபடவென்று துடித்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும் துடிப்பு அது. கார் நேராகவே போய், நேராகவே நின்றது. முன்னால் இருந்த வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னொரு கார் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்த பஸ்ஸும் நின்றுவிட்டது.

லாரி ஓரத்துச் சுவரில் உரசி நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து தானாகவே இறங்கினார். கணவர் குடையை எடுத்துக்கொண்டு, மேலிருந்து வரும் வண்டிகளுக்குக் கை காட்டப் பின்பக்கமாக ஓடினார். பஸ்ஸிலிருந்தும் நாலைந்து பேர் இறங்கி அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

காருக்குள் நானும் மாமியாரும் மட்டும். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. நண்பரின் டயரை வாங்கியிருந்தால் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க விரும்பவில்லை.

“தண்ணி குடு கண்ணு” என்றார் மாமியார். கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “நீயும் குடி” என்று திருப்பிக் கொடுத்தார்.

ஒரு வழியாகப் போலீஸ் வந்து ஒரு பக்கம் வழி ஒதுக்கிக் கொடுத்தது. அவிநாசிக் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கணவரின் சட்டை பாதி காய்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை நான் தடத்துக்குக் கிளம்பும்போது மாமியாரும் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

“இங்க குந்திக்கினு இருந்தா, பேரப்புள்ள எப்ப, பேரப்புள்ள எப்பன்னு கேட்டுக்கினே இருப்பாங்க. நானும் வர்றேன்.”

எனக்கும் அந்தக் கேள்வி தெரியும். முன்கதவைத் திறந்துவிட்டேன். கணவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

தடத்தில் ஷாமியானாவுக்கு அடியில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. நண்பர் வந்து வணக்கம் சொன்னார். நான் டயரில் காற்றைக் குறைத்தேன். தடத்தில் ஓட ஓடச் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும் என்பதால் முதலில் குறைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டயரின் ஓரத்தில், பட்டனிலிருந்து பக்கச்சுவருக்கு வெள்ளையாக ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்ட வேண்டும். எவ்வளவு தூரம் கோடு அழிந்திருக்கிறதோ, அவ்வளவு தூரம் டயர் மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கான சாக்பீஸை வீட்டிலேயே மறந்துவிட்டேன்.

“வெள்ளையாத்தானே வேணும்?” என்று கேட்டுவிட்டு மாமியார் இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து நீட்டினார். நான் விரலில் தொட்டு நாலு டயரிலும் கோடு இழுத்தேன். பக்கத்துக் காரில் இருந்த பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போனார்கள்.

முதல் சுற்றுகளை ஓட்டி வந்து பார்த்தபோது சுண்ணாம்பு பக்கச்சுவர் வரைக்கும் அழிந்திருந்தது. காற்றை அளவுக்கு மீறிக் குறைத்திருக்கிறேன். கணவர் கால் பம்ப்பை மிதித்துக் கொஞ்சம் ஏற்றினார். மறுபடி கோடு, மறுபடி ஓட்டம். இந்தத் தடவை ஓரத்தோடு நின்றது.

டயரின் மனசு எனக்குப் புரிய மத்தியானம் ஆயிற்று. அது சத்தம் போட்டுப் பேசுகிற டயர். வளைவில் எல்லையை நெருங்கும்போது முதலில் முனகும், அப்புறம் கத்தும், அதற்கப்புறம்தான் வழுக்கும். நண்பரின் டயர் கடைசி வரைக்கும் வாயே திறக்காது என்று அவர் சொல்லியிருக்கிறார். எனக்கு இது பிடித்திருந்தது. ஒரே குறை, தொடர்ந்து நாலைந்து சுற்று விரட்டினால் ரப்பர் சூடேறி வெண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். அப்போது ஒரு சுற்று மெதுவாகப் போய் ஆறவிட வேண்டும். விரட்டு, ஆறவிடு, மறுபடி விரட்டு என்று ஓட்டினேன். நண்பர் என்னைவிட வெகு வேகமாகப் போனார். சின்னக் கார்களுக்கான பிரிவில் நான் நடுவில் எங்கேயோ இருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மதிய இடைவேளையில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு மெதுவாக இரண்டு சுற்றுப் போய்வர அனுமதித்தார்கள். கணவர் மாட்டேன் என்றார். மாமியார் எழுந்தார். தலைக்கவசம் கொண்டைக்கு மேல் இறங்கவில்லை. அவரே கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகப் போட்டுக்கொண்டு, “இப்ப மாட்டு” என்றார்.

முதல் வளைவில் கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வளைவில் ஒரு கை. தடத்தின் பின்பக்க நேர்ச்சாலையில் நான் கொஞ்சம் வேகமெடுத்தேன்.

“பயமா இருக்கா அத்தை?”

“எதுத்தாப்ல வண்டி எப்ப வரும்?”

“வராது அத்தை. இங்க எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவாங்க.”

அவர் கொஞ்ச நேரம் முன்னால் விரிந்து கிடந்த சாலையைப் பார்த்தார். ஆடு இல்லை, மாடு இல்லை, தவறான பக்கத்தில் வரும் டிராக்டர் இல்லை.

“அப்ப ரோட்டவிட இங்கதான் பயமில்லாம போவலாம்” என்றார். “இன்னும் கொஞ்சம் வெரசா போ.”

போனேன். டயர் கத்தியது. “எதுவோ கத்துது” என்றார். “டயர் அத்தை.” “கத்தட்டும்” என்றார்.

சாயங்காலம் கடைசி ஓட்டத்தின்போது தூறல் விழுந்தது. பாதி வழுக்கை டயர்காரர்கள் எல்லாரும் காரை ஓரம் கட்டிவிட்டார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் மட்டும் உள்ளே போனோம். ஈரத் தடத்தில், கிட்டத்தட்ட தனியாக, அவசரமில்லாமல் ஒவ்வொரு வளைவாகத் தேடிப் பிடித்து ஓட்டினேன். அன்றைக்கு நான் நன்றாக ஓட்டியது அந்தக் கொஞ்ச நேரம்தான். பிறகு தூறல் நின்று, வெயில் அடித்து, தடம் காய்ந்தது. நண்பர் வெளியே வந்து மறுபடியும் என்னைத் தாண்டிப் போனார்.

மறுநாள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சாப்பிட்டு, தாம்பூலப் பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், பின்பக்க இடது டயரில் காற்றே இல்லை. குனிந்து பார்த்தேன். பந்தல் போட்டவர்கள் விட்டுப்போன நீள ஆணி ஒன்று, டயரின் ஓரத்தில் தலை மட்டும் தெரியும்படி முழுசாக ஏறியிருந்தது.

பட்டுச்சேலையோடு நான் ஜாக்கியை எடுக்க, மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். ஸ்டெப்னியை மாட்டி, பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடையில் காட்டினோம். அவர் ஆணியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நடுவில் ஏறியிருந்தால் அடைத்துவிடலாம். ஓரத்தில் ஏறினால் அடைப்பு நிற்காது, நின்றாலும் நம்பக் கூடாது என்றார். எனக்கும் அது தெரியும். இருந்தாலும் ஒரு ஆள் வாயால் கேட்க வேண்டியிருந்தது. ஊர் வரைக்கும் ஸ்டெப்னியிலேயே, இடது ஓரமாக, மெதுவாக வந்தோம். தொப்பூர் ஏற்றத்தில் வழியில் போன எல்லா வண்டியும் எங்களைத் தாண்டின. மாமியார் பின்சீட்டில் தூங்கிவிட்டார்.

ஜூஜுவாடிக் கடையில் அந்த ஒரு டயர் கையிருப்பில் இல்லை. வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். தினமும் ஸ்டெப்னியை நம்பி ஓட்ட வேண்டாம் என்று, அந்த வாரம் முழுக்க நான் கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனேன். ஒரு நாள் மழையில் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து, மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றபோது கணவர் கேட்டார்:

“அந்தத் தூறல்ல ஓட்டினப்ப எப்படி இருந்துச்சு?”

அவர் அதைப் பற்றி அதுவரைக்கும் ஒன்றும் கேட்டதில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். மழை விட்ட பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் தடத்துக்கு நாலைந்து முறை போயிருக்கிறேன். இரண்டு முறை மாமியாரும் வந்தார். ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி வியாபாரி ஒருவரிடம், மருமகள் எதிரில் வண்டி வராத ரோட்டில் ஓட்டுகிறாள் என்று அவர் சொல்லப்போக, அந்த ஆள் புதிதாக ஏதோ விரைவுச்சாலை திறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கணவரிடம் வழி கேட்டிருக்கிறார்.

அந்த டயர்கள் சாதாரண டயர் அளவுக்கு உழைக்கவில்லை. உழைக்காது என்று தெரிந்தேதான் வாங்கினோம். போன மாதம் பட்டன் தேய்ந்து, டயரை மாற்றச் சொல்லும் அளவுக்கோட்டைத் தொட்டதும், மழை வருவதற்குள் மாற்றிவிடலாம் என்று கணவரே சொன்னார். அதே டயரை, அதே அகலத்தில் மறுபடியும் வாங்கினேன். இந்தத் தடவை கடையில் அதிக நேரம் ஆகவில்லை.